வேலை முன்னே, பட்டம் பின்னே?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வயது 19. உயரம் ஆறடி மூன்று. கூடைப்பந்துக் களத்தில் இறங்கினால் எதிரணிப் பயிற்சியாளரின் கண் முதலில் தேடுவது இவனுடைய சட்டை எண்ணைத்தான். இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பெருமைக்குக் குறைவில்லை. அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வரும்.

'படிப்பை முடிக்கட்டும்' என்பதா? 'வேலை வந்தால் இப்போதே சேரட்டும்' என்பதா?

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்தால் இது பெரிய செய்தி. எந்தக் கல்லூரி நட்சத்திரம் படிப்பைப் பாதியில் விட்டு என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுக்கிறார், யார் இன்னும் ஓர் ஆண்டு கல்லூரியில் இருக்கிறார் என்று தொலைக்காட்சியில் விவாதமே நடக்கும். நம் ஊரில் இதற்குக் கேமரா வருவதில்லை. இரவுச் சாப்பாட்டின் போது, தட்டு கழுவுவதற்குள் முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்த முடிவின் கனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உப்பளக் கரையில் ஒரு வீட்டுக் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது கூனிமேடு. ஒரு பக்கம் கடல். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர் செய்து, வெயில் ஏற ஏற உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய தொழில் அது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலிக்கு வழியில்லை. அந்த மாதங்களை ஓட்டுவதற்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. கடல் தொழிலுக்கும் இப்படி ஓர் இடைவெளி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்.

இந்தக் கரையில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் மகனுக்கு ஒரு துறையின் அணியில் சேர அழைப்பு வருகிறது. உடனே வீடு நான்காகப் பிரியும்.

"டிகிரிய முடிச்சிடட்டும், இன்னும் ஒரு வருஷம்தானே?" என்பார் அம்மா.

"ஒரு வருஷம் கழிச்சு இந்த வேலை இருக்குமா?" என்பார் அப்பா.

"கைக்கு வந்தத விட்டுட்டு அப்புறம் அழக் கூடாது மாமா" என்று மச்சான் அப்பா பக்கம் சேருவார்.

பாட்டி மட்டும் வேறு இடத்தைத் தொடுவார். "முட்டி நல்லா இருக்கறப்பவே சேத்துடுங்க."

நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உப்பு வாருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. முன்கூட்டியே வாரினால் மணி திரளாது, எடை நிற்காது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டால் ஒரு மழை போதும், பாத்தி மறுபடியும் தண்ணீராகிவிடும். உப்புக்காவது வானத்தைப் பார்த்து ஒரு யூகம் செய்யலாம். பிள்ளையின் எதிர்காலத்துக்கு எதைப் பார்ப்பது?

இங்கே 'புரொஃபஷனல்' என்றால் என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் ஆடுவதற்கு மட்டுமே சம்பளம். இந்தியக் கூடைப்பந்தில் அந்த வழி இன்னும் கெட்டியாகவில்லை. 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. அதன் பின் ஐ.என்.பி.எல். வந்தது. அதில் 'சென்னை ஹீட்' என்ற அணியும் ஆடுகிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் சில வாரங்கள் நடக்கும் லீக்கை மட்டும் நம்பி, ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்த முடியாது.

அதனால் இங்கே கூடைப்பந்து ஆட்டக்காரருக்குத் தொழில் என்றால் துறை வேலைதான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். என்று சென்னையில் பேர் பெற்ற அணிகள் எல்லாம் அலுவலக அணிகள். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் அலுவலகம், முதல் தேதி சம்பளம்.

இந்த ஆட்டம் இங்கே வந்த கதையும் படிப்போடு சேர்ந்ததுதான். 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது அந்தக் கல்லூரி. பிறந்ததும் வளர்ந்ததும் வகுப்பறைக்குப் பக்கத்தில் என்பதால், 'படிப்பா, ஆட்டமா?' என்ற இழுபறி கூடைப்பந்தோடு கூடவே பிறந்தது என்றும் சொல்லலாம்.

வறுமை மாற்றிய சட்டம்

கல்லூரியை முடிக்காமல் என்.பி.ஏ.வுக்குள் வரக் கூடாது என்றுதான் ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் விதி இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டு ஆன பிறகே அணிகள் ஒருவரை எடுக்கலாம். அதை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தபோது அவருக்கு வயது 19.

இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு, போட்டி லீக் ஒன்றில் ஆடி, பிறகு என்.பி.ஏ.வின் சியாட்டில் அணியில் ஒப்பந்தமானார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அதன் பிறகு என்.பி.ஏ. கொண்டுவந்த விதிக்குப் பெயரே 'கஷ்ட நிலை' விதி. குடும்பத்தில் பணக்கஷ்டம் இருப்பதைக் காட்டினால் கல்லூரியை முடிக்காமலும் வரலாம். 1976-ல் அந்த நிபந்தனையும் போய், விரும்பியவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே தொழிலுக்குப் போகும் உரிமை ஆசையில் பிறந்ததில்லை, தேவையில் பிறந்தது. பருத்திக்காட்டுக் குடும்பத்துக்கும் உப்பளத்துக் குடும்பத்துக்கும் கடல் அளவு தூரம். ஆனாலும் 'நான்கு வருஷம் பொறு' என்ற அறிவுரை வயிறு நிறைந்தவர் சொல்லும்போது ஒரு மாதிரியும், அடுத்த மாதச் செலவுக்கு வழி தெரியாதவர் கேட்கும்போது ஒரு மாதிரியும் இருக்கும் என்பது இரண்டு கரைக்கும் பொது.

பதினாறு விநாடி

இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. களத்தில் முதன்முதலில் இறங்கியவர் சிம் புல்லர். பஞ்சாபிலிருந்து கனடாவுக்குப் போன பெற்றோரின் மகன். உயரம் ஏழடி ஐந்து அங்குலம். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடினார். இன்னும் இரண்டு பருவம் ஆட வாய்ப்பு இருந்தும், 2014-ல் அதை விட்டுவிட்டு என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்.

தேர்வு நாளில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. பிறகு சாக்ரமென்டோ கிங்ஸ் ஒப்பந்தம் செய்தது, விடுவித்தது, தன் துணை அணியில் ஆடவைத்தது. 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. ஏப்ரல் 7 அன்று முதன்முறையாகக் களம் இறங்கினார். ஆடியது 16 விநாடி. மொத்தம் மூன்று ஆட்டங்களோடு என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. பிறகு தைவானில் பல ஆண்டுகள் ஆடினார்.

இதைத் தோல்வி என்று சொல்வதா? உலகத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் கனவு காணும் களத்தில் 16 விநாடி நின்றவர் அவர். ஆட்டத்திலேயே பிழைப்பையும் நடத்திக்காட்டினார். ஆனால் இன்னும் இரண்டு பருவம் கல்லூரியில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. முன்கூட்டியே எடுக்கும் முடிவின் விலை அதுதான்.

அதே 2015-ல் சத்னாம் சிங். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. 14 வயதில் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார். கல்லூரி எதிலும் ஆடாமல் நேராகத் தேர்வுக்குப் போய், 52-ஆவது ஆளாக டல்லாஸ் அணியால் எடுக்கப்பட்டார். என்.பி.ஏ. அணியால் தேர்வான முதல் இந்தியர். ஊரே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் தொழில்முறை மல்யுத்த மேடைக்கு மாறினார்.

அடுத்தவர் பிரின்ஸ்பால் சிங். 2020-ல் கல்லூரிக்குப் போவதற்குப் பதில், பள்ளி முடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தயார்ப்படுத்த என்.பி.ஏ. புதிதாகத் தொடங்கிய 'இக்னைட்' அணியில் சேர்ந்தார். மறு ஆண்டு கோடைக்கால லீக்கில் பட்டம் வென்ற சாக்ரமென்டோ அணியிலும் இருந்தார். அந்த இக்னைட் அணியே 2024-ல் மூடப்பட்டது. பிள்ளை நடந்த பாதை நான்கே ஆண்டில் இல்லாமல் போனது.

மூவரிடமும் உழைப்புக்குக் குறைவில்லை, உயரத்துக்கும் குறைவில்லை. வாசல்தான் குறுகல். என்.பி.ஏ. தேர்வில் ஆண்டுக்கு அறுபது பேருக்குத்தான் இடம். அதிலும் முதல் சுற்றில் வரும் முப்பது பேருக்குத்தான் ஒப்பந்த விதிப்படி சம்பள உறுதி. இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அந்த உறுதி இல்லை. பெயர் வரும், பணம் வரும் என்பது நிச்சயமில்லை.

திரும்பி வந்தவர்கள்

கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள் எல்லாரும் வழி தவறியவர்கள் இல்லை. வின்ஸ் கார்ட்டர் 1998-ல், மூன்றாம் ஆண்டோடு வட கரோலினா பல்கலைக்கழகத்தை விட்டார். ஆனால் மீதிப் படிப்பைக் கைவிடவில்லை. பட்டமளிப்பு நாள் 2001 மே 20. அன்று மாலையே அவருடைய டொரன்டோ அணிக்குப் பிலடெல்பியாவில் வாழ்வா சாவா ஆட்டம். காலையில் கறுப்பு அங்கி போட்டுப் பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்தார். மாலையில் விமானத்தில் போய் ஆடினார். கடைசி விநாடியில் அவர் எறிந்த பந்து வளையத்தில் விழவில்லை. ஒரே புள்ளியில் அணி தோற்றது. 'ஆட்டம் முக்கியமா, அங்கி முக்கியமா?' என்று பலர் கேட்டார்கள். ஆட்டத்தில் விட்டதை அடுத்த ஆண்டு பிடிக்கலாம். பட்டம் கையில் இருந்தது.

ஷகீல் ஓ'நீல் 1992-ல் கல்லூரியை விட்டபோது, பட்டம் வாங்குவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். 2000-ல், உலகமே அறிந்த நட்சத்திரமான பிறகு, அதை நிறைவேற்றினார். ஸ்டீஃபன் கரி 2009-ல் விட்ட படிப்பை 2022-ல் முடித்தார். நடுவில் 13 ஆண்டுகள் ஓடியிருந்தன.

போகாமல் இருந்தவரும் உண்டு. டிம் டங்கனின் தாய், மகனின் 14-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் இறந்துபோனார். கல்லூரியை முடிப்பேன் என்பது மகன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. இரண்டாம் ஆண்டு முடிவிலேயே பெரிய அணிகள் காத்திருந்தும், நான்கு ஆண்டும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து முடித்தார். 1997 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். காத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் லென்னி குக். பள்ளியில் ஆடும்போது நாட்டின் முன்னணி வீரர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். 2002-ல் நேராகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. முகவரோடு கையெழுத்துப் போட்டுவிட்டதால் கல்லூரி ஆட்டத்துக்கும் திரும்ப முடியவில்லை. முன்வாசலும் திறக்கவில்லை, பின்வாசலும் மூடிவிட்டது.

இந்த இரண்டு வகைக் கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். யார் சீக்கிரம் போனார், யார் பொறுத்துப் போனார் என்பது பிரிக்கும் கோடு இல்லை. யாருக்குத் திரும்பி வரும் வழி இருந்தது என்பதுதான் கோடு.

அமெரிக்காவிலேயே இது புரிந்துவிட்டது. இப்போது தேர்வுக்குப் பெயர் கொடுத்துப் பயிற்சி முகாமில் ஆழம் பார்த்துவிட்டு, குறித்த நாளுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் கல்லூரிக்கே போய் ஆடலாம். 2021 முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரம் வழியே சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கலாம். விளைவைப் பாருங்கள். 2021-ல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். 2025-ல் 106 பேர். படிப்பின் மேல் திடீரென்று ஆசை வந்ததால் அல்ல. வீட்டுக் கஷ்டத்துக்குக் கல்லூரியிலேயே ஒரு வழி பிறந்ததால்.

நம் பக்கத்துப் பாடங்கள்

'குகேஷ் பள்ளிக்கூடத்தை விட்டுத்தானே உலக சாம்பியன் ஆனார்?' என்று கேட்காத வீடு இப்போது இல்லை. உண்மைதான். நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளியை விட்டார். 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனார். ஆனால் அவருடைய அப்பா காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்தார். அம்மா நுண்ணுயிரியல் வல்லுநர். அவர் சம்பளத்தில் வீடு நடந்தது. பணத்துக்கு அவர்களும் திண்டாடியிருக்கிறார்கள். ஆனாலும் மகனின் ஆட்டம் கைகொடுக்காமல் போயிருந்தால், விழுவதற்கு முன் தாங்க ஒரு தாங்கல் அந்த வீட்டில் இருந்தது. அந்தத் தாங்கல் இல்லாத வீடு, அதே முடிவை அதே தைரியத்தில் எடுக்க முடியாது. அது கோழைத்தனமும் இல்லை.

முட்டியைப் பற்றிப் பாட்டி சொன்னதும் சும்மா இல்லை. 2022 புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. மீதிப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அவருக்கு ரயில்வே வேலை இருந்தது, பேரும் இருந்தது. அடுத்த பருவத்தில் இன்னும் பெரிய தொகைக்குப் போனார். கூடைப்பந்தும் குதித்து இறங்கும் ஆட்டம். முழங்காலில் ஏ.சி.எல். நார் அறுந்தால் அறுவை, பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஓர் ஆண்டு என்று ஆகும். 19 வயதில் பேரும் இல்லாமல் வேலையும் இல்லாமல் அந்த ஓர் ஆண்டைக் கடப்பது எளிதில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் துறை வேலையின் மதிப்பு இன்னும் கூடுதல். கேரளத்தில் பிறந்து தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்றில் சோதனை ஆட்டத்துக்குப் போனார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வர ஒரு வேலையும் ஓர் அணியும் இருந்தன. சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். பல ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடி, தலைமையும் ஏற்று, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். கைச்சம்பளம் இருந்தால் 'ஆடினது போதும், கல்யாணத்தைப் பார்' என்ற பேச்சுக்கு ஒரு பெண் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

விதியில் ஒளிந்திருக்கும் கணக்கு

அப்படியானால் வேலை வந்தால் உடனே சேர்ந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். வயது 18 முதல் 25 வரை. தளர்வு கிடையாது. பத்தாம் வகுப்புத் தகுதிக்கு முதல் நிலை வேலை, பிளஸ் டூ தகுதிக்கு இரண்டு, மூன்றாம் நிலை, பட்டதாரிக்கு நான்கு, ஐந்தாம் நிலை. ஒவ்வொரு நிலைக்கும் எந்த அளவு போட்டிச் சாதனை வேண்டும் என்பதும் தனியாக உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் இரண்டாம் நிலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். நான்காம் நிலைக்கு 25,500. மாதம் 5,600 ரூபாய் வித்தியாசம். பஞ்சப்படியும் பதவி உயர்வும் அதன் மேல்தான் ஏறும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் பதக்கம் வாங்குவதும் வேலைக்குத் தகுதியாக எண்ணப்படும். அந்தப் போட்டிகள் முழுநேர மாணவர்களுக்கானவை. கல்லூரியை விட்டால் அந்த வாய்ப்பும் போகும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டிலும், பட்டம் கேட்கும் பணிகளுக்குப் பட்டம் வேண்டும். ஆக, கல்லூரியில் இருக்கும் ஓர் ஆண்டு வீணாகும் ஆண்டு இல்லை. அதற்கும் ஒரு விலை உண்டு, ஒரு வரவும் உண்டு.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி

ஒன்று, வந்திருப்பது நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா, மாத உதவித்தொகையா? மூன்றும் 'வேலை' என்ற ஒரே சொல்லில்தான் வீட்டுக்கு வந்து சேரும். ஆணையை வரி வரியாகப் படிக்க வேண்டும். நிரந்தரப் பணிக்காகப் பட்டத்தைத் தள்ளிப்போடலாம். பதினோரு மாத ஒப்பந்தத்துக்காகத் தள்ளிப்போடுவது கடினமான கணக்கு.

இரண்டு, அடிபட்டால் என்ன? கல்லூரியிடமும் கேளுங்கள், துறையிடமும் கேளுங்கள். ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகை தொடருமா? அறுவைச் செலவு யார் பொறுப்பு? ஆட்டம் நின்ற பிறகும் மேசை வேலை நீடிக்குமா? இதற்கு எந்தப் பக்கம் நல்ல பதில் வருகிறதோ, அந்தப் பக்கத்துக்குக் கனம் அதிகம்.

மூன்று, கல்லூரிக்குத் திரும்ப முடியுமா? டி.சி.யை வாங்கிக்கொண்டு வெளியேறுவது வேறு. படிப்பில் இடைவெளி என்று முறையாக எழுதிக்கொடுத்து, மறுசேர்க்கைக்கு இடம் வைத்துவிட்டு வருவது வேறு. முதல் நான்கு பருவங்களில் வாங்கிய மதிப்பெண் செல்லுமா, எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள்.

நான்கு, வேலையில் இருந்துகொண்டே முடிக்க வழி உண்டா? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ, பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. சேரும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, துறை அந்தப் பட்டத்தைப் பதவி உயர்வுக்கு ஏற்குமா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த ஆண்டே பதிவு செய்துவிடுவது நல்லது. 'அடுத்த வருஷம்' என்று தள்ளினால் அது வந்துகொண்டே இருக்கும், வந்து சேராது.

ஐந்து, இந்தப் பணம் யாருக்கு, எதற்கு? இதுதான் வீட்டில் யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. தங்கையின் படிப்புக்கா, வட்டிக் கடனுக்கா, மழை மாதங்களுக்கா? தொகையைத் தாளில் எழுதிப் பார்த்தால், சில நேரம் அது ஓராண்டுக் கைமாற்றில், ஓர் உதவித்தொகையில் தீரக்கூடிய தொகையாக இருக்கும். அப்போது காத்திருக்கலாம். சில நேரம் தீராது. அப்போது வேலையில் சேருவதுதான் சரி. அதற்காகப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டாம், பெற்றோரும் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம்.

பிள்ளையும் பேசட்டும்

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும்போது பிள்ளை விடுதியில் இருக்கிறான். முடிவு மட்டும் போனில் போய்ச் சேருகிறது. அவனிடம் கேட்டால்தான் தெரியும், வகுப்பில் பாடம் ஏறுகிறதா, பயிற்சியாளர் அவனை எந்த இடத்தில் வைத்திருக்கிறார், முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்து சொல்லாமல் மறைக்கிறானா என்று. நல்ல பயிற்சியாளரிடம் நேராக ஒன்று கேட்கலாம். "இவன் உங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?" அணிக்காகப் பேசுகிறாரா, பிள்ளைக்காகப் பேசுகிறாரா என்பது பதிலின் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

முப்பது வயதைத் தாண்டினால் கூடைப்பந்தில் கால் தளரத் தொடங்கும். அதற்குப் பிறகு இன்னொரு முப்பது ஆண்டு உழைக்க வேண்டியிருக்கும். 19 வயதில் எடுக்கும் முடிவு அந்த இரண்டாவது முப்பதுக்கும் சேர்த்துத்தான். வேலை முன்னே வரட்டும், பட்டம் பின்னே வரட்டும், அல்லது மாறி வரட்டும். எது முன்னே வந்தாலும், மற்றது வருவதற்கான கதவைச் சாத்திவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.